காலை நடையா, மாலை நடையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நடைப்பயிற்சியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (வீடமைப்புப் பகுதிகள்) வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உடற்பயிற்சிக்கு ஏற்ற நேரம் எது என்ற ஐயத்தையே எழுப்பியிருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறேன். நோய் விவரங்கள் அடங்கிய கடிதங்கள் என்பதால் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 52 வயது. சில ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிக்லசைடு ஆகிய மாத்திரைகளைச் சாப்பிடுகிறேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்வதால் காலை 5 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறேன். மாலை 6 மணிக்குமேல்தான் எனக்கென்று நேரம் கிடைக்கிறது. அப்போது தாமான் திடலைச் சுற்றி நடக்கிறேன். ஆனால் என் மாமியாரும் அக்கம்பக்கத்தாரும், உடற்பயிற்சி என்றால் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு செய்ய வேண்டும் என்றும், பொழுது சாயும் நேரத்தில் நடந்தால் அசதிதான் மிஞ்சும் என்றும் சொல்கிறார்கள். கைப்பேசியில் வரும் செய்திகளும் அப்படியே இருக்கின்றன. நான் நடப்பது வீண்தானா?

பதில்: வீண் இல்லை, அம்மா. மாலை நடையை விட்டுவிடாதீர்கள். உங்கள் நோயையும், மாத்திரைகளையும், வேலை நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது உங்களுக்கு மாலைதான் பொருத்தமான நேரம் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியைச் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. காலையில் செய் என்றோ மாலையில் செய் என்றோ அதில் எந்த நிபந்தனையும் இல்லை. நாளொன்றுக்கு 30 நிமிடம் என்ற கணக்கில் வாரத்தில் ஐந்து மாலைகள் நீங்கள் நடந்தால் அந்த அளவின் முதற்படியை எட்டிவிடுகிறீர்கள். விடியற்காலையில் நடக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு நடக்காமலேயே இருந்துவிடுபவர்களுக்கு அந்த எண்ணத்தால் ஒரு பயனும் கிடைப்பதில்லை. இப்படிப்பட்டவர்களைத் தோட்ட மருத்துவமனைகளில் மருத்துவ உதவியாளராக இருந்த காலம் முழுவதும் நான் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, உடலின் இயல்பு. நம் உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு முறை சுழலும் உயிரியல் கடிகாரம் இருக்கிறது. அது மரபணு அளவில் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கடிகாரத்தின்படி உடலின் உட்புற வெப்பம் விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு மிகவும் தாழ்ந்தும், பிற்பகல் கடந்து மாலை நெருங்கும்போது மிகவும் உயர்ந்தும் இருக்கும். வெப்பம் உயர்ந்திருக்கும் நேரத்தில் தசைகள் எளிதில் நீளும், மூட்டுகள் இலகுவாக மடங்கும், ஒரே வேகத்தில் நடப்பதற்குக் குறைந்த சிரமமே தோன்றும். மாலையில் நடந்தால் அசதி மிஞ்சும் என்பதற்கு உடலியலில் ஆதாரம் இல்லை. உங்களுக்கு அசதி இருந்தால் அதற்குக் காரணம் காலை 5 மணியிலிருந்து நீங்கள் நின்றுகொண்டே செய்த வேலைதான்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. விடியற்காலையில் கார்டிசோல் முதலான சுரப்புகள் உயர்வதாலும், கல்லீரல் சர்க்கரையை இரத்தத்துக்குள் விடுவதாலும், பலருக்கு எழுந்தவுடனேயே சர்க்கரை அளவு ஏறியிருக்கும். அந்த நேரத்தில் கடுமையாகப் பயிற்சி செய்தால் சிலருக்கு அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதும் உண்டு. சுவீடனில் கரோலின்ஸ்கா கல்வி நிலையத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 ஆண்களை இரண்டு வாரம் காலையிலும் இரண்டு வாரம் பிற்பகலிலும் தீவிரப் பயிற்சி செய்ய வைத்தார்கள். பிற்பகல் பயிற்சி சர்க்கரையைக் குறைத்தது, காலைப் பயிற்சியோ சர்க்கரையைச் சற்று உயர்த்தியது. அது சிறிய ஆய்வு, அதுவும் தீவிரப் பயிற்சியைப் பற்றியது, எனவே அதை உங்கள் மெதுநடைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் நடையைப் பற்றியே நேரடியாக ஆராய்ந்த மற்றொரு ஆய்வு நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்திலிருந்து 2016-இல் வந்தது. நீரிழிவு உள்ள 41 பேரில், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்தக் குறைவு 22 விழுக்காடாக இருந்தது. நம் வீடுகளில் சோறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் வேளை இரவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவு வியப்பளிக்காது.

2024-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடல் பருமன் உள்ள ஏறத்தாழ 30,000 பிரிட்டன் மக்களின் விவரங்களைச் சராசரியாக எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாலை 6 மணிக்குமேல் சற்று வேகமான உடலியக்கத்தைப் பெரும்பகுதி செய்தவர்களிடம் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது. மக்கள் தாமாகத் தேர்ந்துகொண்ட நேரத்தை வைத்துச் செய்த கணக்கு என்பதால், மாலை நேரமே அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும் மாலைப் பயிற்சியால் பயனில்லை என்ற பேச்சை மறுக்க அது போதும்.

அப்படியானால் பெரியவர்கள் ஏன் விடியற்காலையைப் போற்றினார்கள்? இதற்கு விடை கடிகாரத்திலும் இருக்கிறது, வேலையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உடல்நலக் குறிப்புகளில் காலை 5 மணிக்கு எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். சென்னையில் சூரியன் 6 மணியை ஒட்டி உதித்துவிடுவதால் அங்கே அது விடியும் தறுவாய். தீபகற்ப மலேசியாவின் கடிகாரமோ 1982 ஜனவரி 1-இல் சபா, சரவாக் நேரத்துக்கு ஒத்துப்போகும்படி அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. பேராக்கில் இன்று சூரியன் ஆண்டின் பெரும்பகுதி 7 மணிக்குப் பின்னரே எழுகிறது. இங்கே 5 மணி என்பது நள்ளிரவின் தொடர்ச்சி. உடல் வெப்பம் மிகத் தாழ்ந்திருக்கும் நேரமும் அதுவே. கைப்பேசியில் வரும் நேரக் குறிப்பை நம் ஊர்க் கடிகாரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது.

வேலையைப் பொறுத்தவரை, நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்தது உடற்பயிற்சிக்காக அன்று. இருட்டிலேயே பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள்கணக்கெடுக்கும் இடம்) சென்று, பால்மரத்தில் (இரப்பர் மரம்) பால் நன்றாக வடியும் குளிர்ந்த வேளையில் வெட்டை முடிக்க வேண்டியிருந்ததால் எழுந்தார்கள். நிரை நிரையாக நடந்து வெட்டி, மீண்டும் நடந்து பாலெடுத்து, வாளி சுமந்து நிறுவைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது அவர்களுடைய ஒரு நாளுக்குரிய இயக்கம் நண்பகலுக்குள் முடிந்துவிட்டது. அந்த உழைப்பின் நேரம் பழக்கமாகி, பிறகு மருத்துவ விதியைப் போலப் பேசப்படுகிறது. உங்கள் மாமியாரின் அறிவுரை அக்கறையால் வந்தது. அதை மதித்து, அவரையும் மாலையில் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் யோசனை.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வது அரிது; ஆனால் கிளிக்லசைடு எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் அது நேரக்கூடும். மதியச் சாப்பாடு 12 மணிக்கே முடிந்துவிட்டிருந்தால், மாலை 6 மணிக்கு நடக்கும்முன் விரல்நுனியில் சோதித்துப் பாருங்கள். அளவு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு மூன்று பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு நடப்பது நல்லது. கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, தாங்க முடியாத பசி ஆகியவை தோன்றினால் உடனே நின்று மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சிறு பொட்டலமாகச் சர்க்கரையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை நடையை நீட்டினாலோ வேகப்படுத்தினாலோ அதன் தாக்கம் இரவு உறக்கத்திலும் தொடரலாம் என்பதால், அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது நீங்கள் நடக்கும் நேரத்தை மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலோர் மாத்திரைகளைப் பற்றிச் சொல்வார்கள், நடையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்.

முடிந்தால் நடையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 6 மணிக்கு 20 நிமிடம் வேகமாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டு வாசலிலோ வீதி விளக்கு உள்ள சாலையிலோ 10 நிமிடம் மெதுவாக. ஏடிஸ் கொசு காலை வெயில் ஏறும்போதும் பொழுது சாய்வதற்கு முந்தைய மணி நேரங்களிலும் மிகுதியாகக் கடிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை அணிந்து, கால்களில் கொசு விரட்டியைப் பூசிக்கொண்டு திடலுக்குச் செல்லுங்கள். பாத உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்போடு நடக்க வேண்டாம். மூடிய காலணியும் காலுறையும் அணிந்து, வீடு திரும்பியதும் உள்ளங்கால்களைப் பாருங்கள்.

2019-இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். இத்தகைய நிலையில் நடந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்து நேரம் தவறு என்று சொல்லி நிறுத்தச் செய்வது நம் சமூகத்துக்கு நல்லதன்று.

கேள்வி: எனக்கு 67 வயது. கடந்த ஆண்டு மாரடைப்பு வந்து, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிசோப்ரோலோல் உட்பட ஐந்து வகை மாத்திரைகள் எடுக்கிறேன். தினமும் காலை 5.30-க்குத் தோட்டச் சாலையில் தனியாக நடப்பது வழக்கம். காலையில்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்று நண்பர் சொன்னதிலிருந்து அச்சமாக இருக்கிறது. மாலைக்கு மாற்றிக்கொள்ளவா?

பதில்: ஐயா, உங்கள் நண்பர் சொன்னது ஆதாரமற்ற செய்தி அல்ல. காலை 6 மணியிலிருந்து நண்பகல் வரை மாரடைப்பு கூடுதலாக நேர்கிறது என்பதை 1985-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவான கணக்குகளோடு காட்டினார்கள். உறக்கத்திலிருந்து எழும்போது இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் விரைவாக ஏறுவதும், இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டும் தன்மையோடு இருப்பதும் அதற்குரிய காரணங்களில் சில. ஆனால் இதிலிருந்து காலைப் பயிற்சியே ஆபத்தானது என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. மருத்துவக் கண்காணிப்பில் பயிற்சி செய்யும் இருதய நோயாளிகளைக் காலைப் பிரிவினர், பிற்பகல் பிரிவினர் என்று பிரித்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1993-இல் வெளியானது. இரு பிரிவினரிடமும் பயிற்சியின்போது ஏற்பட்ட இருதயக் கோளாறுகள் மிகக் குறைவாகவே இருந்தன, இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடும் இல்லை.

என் கவலை நீங்கள் காலையில் நடப்பதைப் பற்றியதன்று. இருட்டில், தனியாக, எழுந்த சூட்டோடு நடப்பதைப் பற்றியது. செம்பனைத் தோட்டத்தில் எலிகள் மிகுதி, எலிகளைத் தேடிப் பாம்புகள் வரும், இருட்டில் லாரிக்காரருக்கு உங்களைத் தெரியாது, நடுவழியில் நெஞ்சு வலித்தால் பார்ப்பதற்கு ஆளில்லை. எழுந்தபின் ஒரு மணி நேரமாவது வீட்டில் நடமாடி, நீர் குடித்து, மாத்திரைகளை வழக்கமான முறையில் எடுத்து, வெளிச்சம் வந்தபின் 7.15 மணியளவில் துணையோடு புறப்படுங்கள். முதல் 10 நிமிடம் மிக மெதுவாக நடந்து, பிறகு வேகத்தைக் கூட்டி, முடிவில் மீண்டும் மெதுவாக்க வேண்டும். சட்டென்று நிற்பதும் உங்களுக்கு நல்லதன்று. மாலை உங்களுக்கு வசதி என்றால் மாலைக்கு மாற்றிக்கொள்வதிலும் தடையில்லை, ஆனால் அச்சத்தால் மாற்ற வேண்டியதில்லை. எந்த நேரமாயினும் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேகமாக நடக்கக் கூடாது.

பிசோப்ரோலோல் நாடித்துடிப்பை அடக்கிவைக்கும் மருந்து. ஆகையால் கைக்கடிகாரத்தில் தெரியும் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். நடந்துகொண்டே துணைக்கு வருபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வேகம் சரி, மூச்சு வாங்கிச் சொற்கள் அறுபட்டால் வேகம் மிகுதி. நெஞ்சில் இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, குளிர்ந்த வியர்வையோ தோன்றினால் உட்கார்ந்து 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மருத்துவர் கொடுத்திருக்கும் நாக்கின் கீழ் வைக்கும் மருந்தை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

கேள்வி: ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சுழல்முறை வேலை. மாலை வேலை முடிந்து இரவு 10 மணிக்கு மேல் உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறேன். தாமதமாகச் செய்தால் தூக்கம் கெடும் என்கிறார்கள். வயது 24. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, 2019-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மாலைப் பயிற்சி பொதுவாக உறக்கத்தைக் கெடுப்பதில்லை, சில சமயங்களில் ஆழ்ந்த உறக்கத்தைச் சிறிது கூட்டுகிறது என்று கண்டார்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடும் பயிற்சி மட்டுமே விதிவிலக்கு. நீங்கள் 11 மணிக்கு முடித்து 1 மணிக்குப் படுப்பவரானால் கவலைப்பட ஒன்றுமில்லை. 11.30-க்கே படுக்க வேண்டிய நாள்களில் எடை தூக்குவதைத் தள்ளிவைத்துவிட்டு நீட்சிப் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உண்மையில் உங்கள் தூக்கத்தைப் பெரிதும் கெடுப்பவை உடற்பயிற்சி நிலையத்தின் வெண்ணிற விளக்குகளும், பயிற்சிக்கு முன் குடிக்கும் காபின் கலந்த பானங்களும், வீட்டுக்கு வரும் வழியில் மாமாக் கடையில் உட்கார்ந்து குடிக்கும் தே தாரேக்கும்தான். இரவு வேலை வாரத்தில் கணக்கே மாறும். அப்போது காலையில் வீடு திரும்பியதும் ஓடப் போகாதீர்கள். பகல் வெளிச்சம் பட்டால் உறக்கம் தள்ளிப்போகும். முதலில் அறையை இருட்டாக்கித் தூங்கி எழுந்து, வேலைக்குப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு பயிற்சி செய்யுங்கள். தூக்கமின்றி மோட்டார் சைக்கிளில் ஈப்போ சாலையில் வருவது, பயிற்சியை ஒரு நாள் விடுவதைவிட எத்தனையோ மடங்கு ஆபத்தானது.

கேள்வி: வெறும் வயிற்றில் காலையில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்பது உண்மையா? எடை குறைக்க விரும்புகிறேன். வயது 35.

பதில்: சகோதரி, உண்மையும் பாதி, தவறும் பாதி. வெறும் வயிற்றில் நடக்கும்போது உடல் அந்த வேளையில் கொழுப்பைச் சற்றுக் கூடுதலாக எரிபொருளாக்குகிறது. ஆனால் நாளின் மற்ற வேளைகளில் அது ஈடாகிவிடுகிறது. 2014-இல் 20 இளம் பெண்களை நான்கு வாரம் ஒரே மாதிரியான குறைந்த உணவில் வைத்து, ஒரு பாதியினரை வெறும் வயிற்றிலும் மறு பாதியினரைச் சாப்பிட்ட பின்னும் பயிற்சி செய்ய வைத்தபோது, எடையிலும் கொழுப்பிலும் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, 2022-இல் அமெரிக்காவில் வெளியான 12 வார ஆய்வொன்றில் காலையில் பயிற்சி செய்த பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது, மாலையில் செய்த பெண்களுக்கு மேலுடல் வலு கூடியது. இதை வைத்துத்தான் காலை உங்களுக்கு வசதியாக இருந்தால் காலையைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்கிறேன். வசதியில்லை என்றால் வருந்த வேண்டாம். நடந்து முடித்தபின் பசியாற நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் வாங்கினால், நடையில் செலவானதைவிடக் கூடுதலாக உள்ளே போய்விடும். எடை குறைப்பில் பெரும்பங்கு அந்தத் தட்டுக்கே உண்டு.

கேள்வி: செம்பனைக் குலை வெட்டும் வேலை, வயது 45. கீழ்முதுகு வலி விடாமல் இருக்கிறது. நாள் முழுக்க உடம்பு வேலை செய்கிறதே, எனக்கு உடற்பயிற்சி தேவையா? தேவையென்றால் விடியற்காலை பெரட்டுக்கு முன்னால் குனிந்து நிமிரும் பயிற்சிகளைச் செய்யலாமா?

பதில்: இந்தக் கடிதத்தை எழுதிய அண்ணனுக்கு என் முதல் வேண்டுகோள்: விடியற்காலையில் குனிந்து நிமிரும் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள் இரவு முழுவதும் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சிப் பருத்து, காலையில் பஞ்சடைத்த தலையணையைப் போல விம்மியிருக்கும். அந்த நிலையில் முன்புறமாக வளைந்தால் வட்டுகளின் மீதும் அவற்றைச் சுற்றியுள்ள நார்களின் மீதும் அழுத்தம் மிகுதியாக விழும். நடமாடத் தொடங்கியபின் முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த நீர் பெருமளவு வெளியேறிவிடுகிறது. எழுந்தவுடன் குனிவதைத் தவிர்க்கப் பழகியவர்களுக்கு நாள்பட்ட முதுகுவலி குறைந்ததை 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே 4.30-க்கு எழுந்தால், காலணியை நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி அணிந்துகொள்ளுங்கள், வீட்டைச் சுற்றி மெதுவாக நடங்கள், இடுப்பைப் பக்கவாட்டில் இலேசாக அசையுங்கள். அவ்வளவு போதும். தோட்டத்துக்குள் சென்றதும் முதல் குலையை முழு மூச்சோடு தூக்காமல், முதல் சில மரங்களை நிதானமாக வெட்டி உடல் சூடேற விடுங்கள்.

உங்கள் வேலை உடலுழைப்புதான், அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் உயரமான மரத்தில் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைப் பிடித்து அண்ணாந்தபடி இழுப்பதும், விழுந்த கனமான குலையைக் கொக்கியால் இழுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றுவதும், ஒரே தசைகளைத் திரும்பத் திரும்ப ஒரே பக்கமாக வருத்துகின்றன. வயிற்றுத் தசைகளும் புட்டத் தசைகளும் போதிய வலுவின்றி இருக்கும்போது சுமை முழுவதையும் கீழ்முதுகு ஏற்கிறது. இந்தத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை வேலையே கொடுத்துவிடாது. தனியாகச் செய்துதான் ஆக வேண்டும்.

அதற்கு ஏற்ற நேரம் உங்களுக்கு மாலை. வேலை முடிந்து குளித்து, சாப்பிட்டு, ஓய்வெடுத்தபின் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில், உடல் வெப்பம் உயர்ந்திருக்கும்போது, தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல மேலே தூக்கி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை செய்யலாம். பிறகு நான்கு கால்களில் நிற்பதுபோல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நேராக நீட்டி நிறுத்தி, அடுத்து மறுபக்கம் மாற்றுங்கள். முதுகை வளைக்காமல் வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகள் இவை. உடல் மிகவும் களைத்திருக்கும் நாளில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆனால் பாயை விரிக்காமல் இருக்காதீர்கள். வலி காலுக்குள் இறங்கினாலோ, காலில் மரத்துப்போகும் உணர்வோ, சிறுநீரை அடக்க முடியாத நிலையோ தோன்றினாலோ பயிற்சிகளை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

வேலையிடத்தில் முதுகுக்கு நேர்ந்த பாதிப்பு என்று மருத்துவர் கருதினால், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சலுகைகளுக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவக் குறிப்புகளையும் விடுப்புச் சீட்டுகளையும் எறிந்துவிடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: மாலையில் அடிக்கடி மழையும் இடியுமாக இருக்கிறது. புகைமூட்டக் காலத்தில் வெளியே போகவும் முடிவதில்லை. அப்போது காலைக்கு மாறிக்கொள்ளலாமா?

பதில்: மாறிக்கொள்ளலாம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பேராக்கில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் கொட்டும். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் தாக்கும் தொலைவுக்குள் இருக்கிறோம் என்று பொருள். திறந்த திடலிலோ தனி மரத்தடியிலோ நிற்காமல் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்தபின் வெளியே வாருங்கள். இந்த மாதங்களில் விடிந்தபின் 7.15 முதல் 8.30 வரை நடப்பது பாதுகாப்பானது. புகைமூட்டத்துக்கு இந்த விதி பொருந்தாது. காலையா மாலையா என்பதைவிட அந்த நேரத்துக் காற்றின் தரமே அப்போது முக்கியம். காற்று மாசுக் குறியீடு 100-ஐக் கடந்தால் ஆஸ்துமாவும் இருதய நோயும் உள்ளவர்கள் வெளியே பயிற்சி செய்யக் கூடாது, 200-ஐக் கடந்தால் எவருமே கூடாது. அந்நாள்களில் வீட்டுக்குள்ளேயே கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்து, படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்கி, 30 நிமிடத்தை நிரப்பிக்கொள்ளுங்கள்.